மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே பிளாட்ஃபார்மிலிருந்து, அதாவது காரின் ஒரே அடித்தளத்திலிருந்து, குடும்ப வேனும் கிராஸ்ஓவரும் (ஜீப் போல உயர்ந்து நிற்கும் கார்) எடுக்கப்படுவதைப் பற்றித் தங்கள் இதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டும் ஒரே கார்தான், மேலே போட்ட சட்டை மட்டும் வேறு, வாங்குகிறவர் ஏமாறுகிறார் என்பது கட்டுரையாளரின் முடிவு. முதலில் அம்பத்தூரிலும் பின்னர் ஒரகடத்திலுமாகக் காரின் அடித்தகடுகளுக்கு டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு, செய்யும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த முடிவில் பாதிதான் சரி. விட்டுப்போன பாதியில்தான் விஷயமே இருக்கிறது. (சென்னையில் பிளாட்பாரம் என்றால் நடைபாதை என்றுதான் பொருள், எங்கள் தொழிலிலோ அந்தச் சொல்லுக்கு வேறு சொல் புழங்கியதில்லை என்பதால் அதையே எழுதுகிறேன்.)

பிளாட்ஃபார்ம் எது, சட்டை எது என்பதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரர். என் மைத்துனர் தாம்பரத்தில் மஞ்சள் போர்டு லாட்ஜி (ரெனால்ட்டின் குடும்ப வேன்; அதே தளத்தில் வந்த கிராஸ்ஓவர்தான் டஸ்டர்) ஒன்றை டிராவல்ஸுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 2020-இல் அந்த வண்டியின் விற்பனை நின்றதும், இனி உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்று கலங்கிப்போய் என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஆயில் ஃபில்டர் கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டஸ்டருக்குப் போடறதுதான் சார், எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு பெட்டியை நகர்த்தினார். சில மாதங்கள் கழித்துப் பெருங்களத்தூர் சிக்னலில் பின்னால் வந்த ஆட்டோ இடித்து டெயில் லைட் உடைந்தபோது, அதே கடைக்காரர் உதட்டைப் பிதுக்கி, "அது லாட்ஜிக்கு மட்டும்தான் வரும், புதுப்பேட்டையில பாருங்க" என்று கையை விரித்துவிட்டார். புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட வண்டிகளுக்கு நடுவே அரைநாள் நின்று ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பது பொது, தெரிகிற இடத்தில் இருப்பது தனி; உரிமையாளருக்கு இதில் நட்டமும் உண்டு, லாபமும் உண்டு. கட்டுரையாளர் நட்டத்தை மட்டும் எழுதினார்.

டஸ்டர், லாட்ஜி ஆகிய இரண்டுக்கும் மூலம் ருமேனியாவின் டாசியா நிறுவனம் 2004-இல் வெளியிட்ட லோகன் என்ற எளிய செடான். அந்த அடித்தளத்தை நீட்டி 2006-இல் ஏழு பேர் அமரும் ஸ்டேஷன் வேகனும், உயர்த்தி 2010-இல் டஸ்டரும், மறுபடி நீட்டி 2012-இல் லாட்ஜியும் வந்தன. ஒரகடம் ஆலையில் டஸ்டர் 2012-லும் லாட்ஜி 2015-லும் ரெனால்ட் பெயரில் வெளிவந்தன. அந்த டஸ்டரின் வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள தூரம், 2,673 மி.மீ.; லாட்ஜியுடையது 2,810 மி.மீ. வித்தியாசம் 137 மி.மீ., அரைச் சாணுக்குச் சற்று மேல்.

அதே ஒரகடத்தில் இப்போது தயாராகும் ரெனால்ட்டின் ஐந்து இருக்கைக் கைகரையும் ஏழு இருக்கை டிரைபரையும் எடுத்துக்கொண்டால், கைகரின் வீல்பேஸ் 2,500 மி.மீ., டிரைபருடையது 2,636 மி.மீ.; வித்தியாசம் 136 மி.மீ. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 2021-இல் ஐந்து இருக்கைக் கிரெட்டாவை நீட்டி மூன்று வரிசை ஆல்கசாரை எடுத்தபோது 2,610 மி.மீ. என்பது 2,760 மி.மீ. ஆனது, அங்கே வித்தியாசம் 150 மி.மீ. வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு காலங்கள், ஆனாலும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாம் வரிசை என்று நாம் சொல்லும் இருக்கையின் உயிர் அந்த ஐந்தரை, ஆறு அங்குலத்தில்தான் இருக்கிறது.

அதைச் சேர்ப்பதற்கு என்னவெல்லாம் மாற வேண்டும் என்பது டை செய்தவனுக்குத்தான் தெரியும். எஞ்சின் அறை, அதற்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு, முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. பணம் அதிகம் விழுங்கும் பகுதியும் மோதல் சோதனைக்காகப் பல முறை திருத்தப்படும் பகுதியும் அதுவே. பின்தளத் தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டம், கூரை, சைலன்சர் குழாய், பிரேக் குழாய், ஒயரிங் எல்லாம் நீள வேண்டும். பின் ஸ்பிரிங் ஏழு பேரின் எடைக்கு ஏற்பக் கெட்டியாக வேண்டும். சட்டை மாற்றுவது என்று இதைச் சொல்வது, வீட்டின் பின்பக்கத்தை இடித்து இன்னோர் அறை கட்டியவரிடம் வெள்ளையடித்தீர்களா என்று கேட்பதைப் போன்றது.

இந்த முறை நேற்று முளைத்ததும் அன்று. 1984 மாடலாக வந்த கிரைஸ்லரின் முதல் மினிவேன்கள் அந்நிறுவனத்தின் கே-கார் என்ற சாதாரணச் செடானிலிருந்து பிறந்தவை. வேனிலிருந்து கிராஸ்ஓவரை எடுத்ததற்குப் பேர்போன எடுத்துக்காட்டு ஜெனரல் மோட்டார்ஸ்: தன் மினிவேன்களுக்கான தளத்தைக் குறுக்கி 2001 மாடலாகப் பான்டியாக் அஸ்டெக்கையும் 2002 மாடலாகப் ப்யூக் ரென்டேவூவையும் மெக்சிகோவிலுள்ள ஒரே ஆலையில் தயாரித்தது. அஸ்டெக் அழகற்ற காருக்கு உலகறிந்த உதாரணமாகி 2005-இல் மறைந்தது. மூன்றாம் வரிசை வசதியோடு வந்த ரென்டேவூ நன்றாகவே விற்றது. தளம் ஒன்றுதான், தலைவிதி இரண்டு. நம் ஊரில் அது தலைகீழாக நடந்தது: டஸ்டருக்குக் கிடைத்த வரவேற்பில் கால்வாசிகூட லாட்ஜிக்குக் கிடைக்கவில்லை என்பது சாலையில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும். உள்ளே இடத்தில் லாட்ஜியே உயர்ந்தது என்பேன். சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டி ஸ்டெப்வே என்று பெயரிட்டுக் கிராஸ்ஓவர் வேடம் கட்டியும் அது எடுபடவில்லை.

அதன் பிறகு தளம் என்ற கருத்தே மாறிவிட்டது. 2013-இல் ரெனால்ட்-நிசான் கூட்டணி அறிவித்த சி.எம்.எஃப். (காமன் மாட்யூல் ஃபேமிலி) முறையில் முழுத் தளம் என்று ஒன்று இல்லை. எஞ்சின் அறை, ஓட்டுநர் பகுதி, முன் அடித்தளம், பின் அடித்தளம், மின்னணுக் கட்டமைப்பு என்று ஐந்து துண்டுகள், தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். இதன் மிகச் சிறிய வடிவத்தில் 2015-இல் க்விட் என்ற சிறிய கார் வந்தது. லோகன் வரிசைக் கார்களை வழிநடத்திய ஜெரார் டெத்தூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளரே சென்னையில் தங்கி அந்தப் பணியையும் வழிநடத்தினார். அதை வளர்த்தெடுத்த வடிவத்தில்தான் 2019-இல் டிரைபரும், 2020 இறுதியில் நிசான் மேக்னைட்டும், 2021-இல் கைகரும் வந்தன. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பின் 2016 மே மாதச் சோதனையில் க்விட் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதே குடும்பத்தில் பிறந்த டிரைபர் 2021-இல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆனால் அந்தச் சோதனையில் பெரியவர் அளவுப் பொம்மைகள் முன் இருக்கையிலும் குழந்தை அளவுப் பொம்மைகள் இரண்டாம் வரிசையிலும்தான் அமர்த்தப்பட்டன.

வெளிவந்தபோது டிரைபரின் நீளம் 3,990 மி.மீ., கைகர் 3,991, மேக்னைட் 3,994. மூன்றும் ஏன் நான்கு மீட்டர் கோட்டருகே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சின் என்ற வரம்புக்குள் வரும் கார்களுக்கான வரிச் சலுகை 2006 நிதிநிலை அறிக்கையில் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். ஆகவே வீல்பேஸை 136 மி.மீ. நீட்டலாம், வண்டியை நீட்ட முடியாது. இடத்தைப் பின்பக்கம்தான் விட்டுக்கொடுக்கிறது: ஏழு இருக்கையும் இருக்கும்போது டிரைபரின் டிக்கி 84 லிட்டர், மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். எங்கள் வீட்டு டிரைபரில் ஏழு பேராகக் காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பட்டுப்புடவைப் பைகளும் சீர்த்தட்டும் மடியில்தான் பயணம் செய்தன. இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. ஐந்து பேர் ஏறும் கைகருக்கு 100 குதிரைத்திறன் டர்போ எஞ்சின் கிடைக்கிறது. ஏழு பேரைச் சுமக்கும் டிரைபர் 72 குதிரைத்திறன் எஞ்சினோடே ஓடுகிறது. பொதுத் தளத்தின் மீது குறை சொல்ல வேண்டுமென்றால் அங்கே சொல்லலாம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. வாகனப் பக்கத்தில் விமர்சனம் எழுதுகிறவர் முன் இருக்கையில் ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையாவது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வரட்டும். முழங்கால் எங்கே இடிக்கிறது, ஏசிக் காற்று பின்னால் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது, 60 வயதுக்காரர் இரண்டாம் வரிசையை மடித்துவிட்டு உள்ளே ஏற முடிகிறதா என்று எழுதட்டும். அந்த வரிசையில் உட்காரப் போகிறவர்கள் பெரும்பாலும் சாவியும் காசோலையும் கையில் இல்லாத பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கடைசியாக ஒரு திருத்தம். லாட்ஜியைப் பார்த்து டஸ்டர் செய்யப்பட்டதாகக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. வெளிநாட்டிலும் சரி, ஒரகடத்திலும் சரி, டஸ்டர்தான் முதலில் வந்தது. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை – 44.