ஒரே மண்கரை, இரண்டு சட்டம்

பிரிட்டிஷ் அரசின் பண்பாட்டுத் துறை அமைச்சருக்கு,

வணக்கம். இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையை ஒட்டி ஓடும் பழைய மண்மேடான ஆஃபா கரையைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி தனியாக வரும். இங்கே நடக்கப் போகும் தமிழர்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதினேன்.

757 முதல் 796 வரை மெர்சியாவை (இன்றைய நடு இங்கிலாந்தில் இருந்த பழைய அரசு) ஆண்ட மன்னர் ஆஃபா போட்ட கரை இது என்பார்கள். கிழக்கே மண்மேடு, மேற்கே வேல்ஸைப் பார்த்த பள்ளம். யாரை மனதில் வைத்து வெட்டினார்கள் என்று கேட்கவே வேண்டாம். இன்றோ அதில் பெரும்பகுதி யாரோ ஒரு விவசாயியின் வேலி. மேட்டின் மேல் முட்புதர், ஒரு பக்கம் ஆடுகள், மறுபக்கம் உழவு. இரண்டு நிலத்துக்கு நடுவே எல்லையாக நின்றதால்தான் பல இடங்களில் இத்தனை நூற்றாண்டு பிழைத்தது என்று நினைக்கிறேன். எல்லை வரப்பில் ஏர் ஓட்ட யாருக்கும் மனம் வராது, வந்தாலும் பக்கத்து நிலத்துக்காரர் விடமாட்டார்.

ஆனால் புல்டோசருக்கு அந்தத் தயக்கம் இல்லை. 2013-இல் வேல்ஸின் சர்க் ஊருக்கு அருகே சுமார் 45 மீட்டர் கரையை ஒருவர் சமப்படுத்திவிட்டார். போலீஸ் விசாரித்தும் வழக்கு வரை போகவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தெரிந்தே இடித்தார் என நிரூபிக்க வேண்டும். பழஞ்சின்னங்களைக் காக்கும் 1979 சட்டம் அப்படி. "எனக்குத் தெரியாது" என்றால் முடிந்தது கதை.

வேல்ஸ் 2016-இல் சட்டத்தைத் திருத்தி இந்தச் சாக்கின் இடத்தைச் சுருக்கியது: தெரிந்திருக்க வேண்டியவர் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. இங்கிலாந்தில் பழைய விதியே நீடிக்கிறது. கரையோ இன்றைய எல்லையைப் பார்த்துப் போடப்பட்டதல்ல. கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்று ஓடுகிறது. வேல்ஸின் நைட்டனில் இடித்தால் ஒரு சட்டம், இங்கிலாந்தின் தெற்கு ஷ்ராப்ஷயரில் இடித்தால் இன்னொன்று. இது என்ன நியாயம்?

விவசாயிகளைக் குற்றவாளி ஆக்கச் சொல்லவில்லை. முயலும் பேட்ஜரும் வளை தோண்டுவதும், ஆடுகள் மிதித்து மண் சரிவதும், 1971-இல் திறந்த 285 கிலோமீட்டர் நடைபாதையில் எங்களைப் போன்றவர்கள் கரையின் மேலேயே நடந்து தேய்ப்பதும் அவர்கள் தவறல்ல. வேலி போடவும் புதர் வெட்டவும் காசு ஆகும், அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

எனவே இரண்டைக் கேட்கிறேன். கரை ஓடும் ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளருக்கும் வரைபடத்தோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பராமரிப்புக்கு எங்கே பணம் கேட்கலாம் என்பதும் அதில் இருக்கட்டும். அப்புறம், வேல்ஸ் செய்த திருத்தத்தை இங்கிலாந்துக்கும் கொண்டுவாருங்கள். கடிதத்துக்கு நாடாளுமன்றம் தேவையில்லை, அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கரையோரம் நடக்கும் ஒரு தமிழர்