நேரலைக் காலத்து நெடுந்தொடர் நடிகை

ஆசிரியருக்கு,

நெடுந்தொடர் நடிகர்கள் பற்றிய கட்டுரையில் அமெரிக்காவின் ஹெலன் வாக்னர் விடுபட்டது பெரிய குறை. 1956 ஏப்ரல் 2 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'அஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' தொடரின் முதல் வசனமே அவருடையது. இடையில் சில ஆண்டுகள் தவிர, 2010 மே மாதம் இறக்கும்வரை அதில் நான்சி ஹியூஸ் என்ற பாத்திரத்தில் நடித்தவர் அவர்தான். அதே ஆண்டு செப்டம்பரில் தொடரும் முடிந்தது.

1975 வரை தொடர் நேரலையாகவே ஒளிபரப்பானது. வாரம் ஐந்து நாள், தினமும் அரை மணி நேரம். வசனம் மறந்தால் மறுபடி எடுக்க வழியில்லை, எதிரே நிற்பவர் அடியெடுத்துக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுடப்பட்ட செய்தி இவரது காட்சியில்தான் குறுக்கிட்டது. விவரம் தெரியாமல் அரங்கில் நடிப்பு தொடர்ந்தது. நம் தொடர்களில் மறுபடி எடுப்பதும் டப்பிங்கும் உண்டு. அந்த வசதியெல்லாம் அவருக்கு ஏது?

– ஒரு வாசகர், திருச்சி