பெருங்காயத்தில் கோதுமை

செம்பூர், மும்பை
ஞாயிறு காலை

அன்புள்ள மீனா,

போனில் சொன்னால் பாதியிலேயே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். என் வயிற்றுவலிக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்துவிட்டது: ஈசினோபிலிக் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ். அப்பாவுக்கு இன்னும் வாயில் நுழையவில்லை.

மூன்று வருஷமாக வருவதும் போவதுமாக இருந்ததை உன்னிடம் வாயு என்றே சொல்லிவந்தேன். ஒரு டாக்டர் அல்சர் என்றார். இன்னொருவர் நீ தூரமாகப் போன கவலை என்றார் (அவருக்குக் கொடுத்த ஃபீஸ் இன்னும் உறுத்துகிறது). போன மாதம் ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்து, வயிற்றில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. குடல் டிபியாக இருக்குமோ என்றார்கள். அந்தப் பத்து நாள் தூக்கமே இல்லை.

புது டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். பழைய ஃபைலை நிதானமாகப் புரட்டினார். முதல் சம்பளத்தில் எனக்கு மாஸ்டர் செக்கப் எடுக்க வைத்தாயே, அதில் ஈசினோபில் என்ற வெள்ளணு 18 சதவீதம்! 6 வரைதான் இருக்கலாமாம். தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு ஈஸ்னோபீலியா என்றால் இருமல்தான் தெரியும். அந்த வெள்ளணுக்கள் குடலில் குவிந்தும் புண்ணாக்குமாம்.

எண்டோஸ்கோபியில், பார்க்க நன்றாக இருந்த இடத்திலிருந்தும் துணுக்குகள் எடுத்தார். திட்டுத்திட்டாகத்தான் இருக்குமாம், ஒரே இடத்தில் கிள்ளினால் தப்பிவிடும். குடல் புழுவாலும் இந்த அணு ஏறும் என்று மலப் பரிசோதனை மூன்று தடவை. சில புழு உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெல்லாம் பரவிவிடுமாம். எல்லாம் இல்லை என்றான பிறகே பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. ஒரே வாரத்தில் வலி அடங்கியது. இனி மெதுவாகக் குறைக்க வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது.

பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகை, மீன் எல்லாம் இப்போதைக்குக் கிடையாது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்பா பூதக்கண்ணாடியோடு அடுக்களை டப்பாக்களைப் படித்தார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு! வலி வந்தபோதெல்லாம் நான் மோரில் கரைத்துக் குடித்தது அதைத்தான்.

இது தொற்று இல்லை, பயப்படாதே. ஆனால் வீட்டில் யாருக்காவது மூச்சிளைப்பு, அலர்ஜி உண்டா என்று டாக்டர் கேட்டார். உனக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்ததைச் சொன்னேன். மாஸ்டர் செக்கப் அன்றைக்கு நீயும்தானே ரத்தம் கொடுத்தாய்? உன் ரிப்போர்ட்டில் ஈசினோபில் எவ்வளவு என்று பார்த்து இன்றைக்கே அனுப்பு.

அம்மா