முன் பிரேக் லீவரை இனி நிமிர்த்தித் தர மாட்டோம்: ஹட்டன் கராஜிலிருந்து ஒரு மடல்

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே, ஸ்கூட்டர் கொண்டுவரும் அக்கா தங்கச்சிமாரே,

போன வாரம் ஒரு தம்பி வளைந்த பிரேக் லீவரோடு வந்து, “அண்ணே, லேசா நிமித்தி விடுங்க, பெரட்டுக்கு நேரமாச்சு” என்றார் (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுவது). முடியாது என்றதும் முகம் சுருங்கிவிட்டது. முந்தி எத்தனை தடவை செய்து தந்தீர்கள், இப்போது மட்டும் ஏன் என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். கடையில் நாலு பேர் காத்து நிற்கும்போது ஆற அமரச் சொல்ல முடியவில்லை, அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் ரூபாய் விழுந்தது, புது பைக்கை யாரும் நினைத்தும் பார்க்க முடியவில்லை, இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது, ஒரு லீவர் வாங்கவே வீட்டில் கணக்குப் பார்த்த காலம். அப்போதுதான் லீவரை வைஸில் பிடித்து, இரும்புக் குழாயை மாட்டி நெம்பி, நிமிர்த்திக் கொடுக்கப் பழகினோம். அப்படி என் கையால் நிமிர்த்திய ஒரு லீவர், பதினைந்து நாள் கழித்து, நோர்வூட் பக்க இறக்கத்தில், பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க, அந்த அண்ணனின் கையோடு வந்துவிட்டது. பின் பிரேக்கையும் கியரையும் வைத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். சிராய்ப்போடு போனது. முறிந்த துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முறிந்த வாயைப் பார்த்தேன், பாதி கறுத்திருந்தது, பாதி வெள்ளையாகப் பளபளத்தது. கறுத்த பாதி நான் நெம்பிய அன்றைக்கே வெடித்தது. மழைத் தண்ணீரும் அழுக்கும் உள்ளே போய்க் கறுத்திருக்கிறது. மிச்சப் பாதியை நம்பித்தான் அவர் அத்தனை நாளும் பிரேக் பிடித்திருக்கிறார். அந்தத் துண்டு இன்னும் மேசை லாச்சியில் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

லீவர் இரும்பு இல்லை. பெரும்பாலும் அச்சில் வார்த்த அலுமினியம். இரும்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தலாம், வார்ப்பு அலுமினியம் ஒரு தடவை வளைந்து தருவதே பெரிசு, திரும்ப நெம்பினால் உள்ளுக்குள் வெடித்துவிடும். காய்ச்சி நிமிர்த்துங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இரும்பு சூடானால் சிவந்து காட்டும், அலுமினியமோ உருகும்வரை நிறமே மாறாது, திடீரென்று தொய்ந்து விழும். ஒட்டு வைத்தாலும் ஒட்டுக்குப் பக்கத்து உலோகம் பலம் இழந்துவிடும், மேலே பெயின்ட் அடித்தால் எதுவும் தெரியாது.

உங்கள் லீவர் எப்போதாவது வளைந்து நிமிர்த்தியது என்றால் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அழுக்கையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு, போல்ட் போகிற இடத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்து, வெள்ளை சோக்கைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வந்து, சோக்கின் மேல் ஒரு மயிரிழை ஈரக்கோடு விழும். கோடு விழுந்தால் அந்த லீவரோடு இறக்கத்தில் போகாதீர்கள். கோடு விழாவிட்டாலும் நிமிர்த்திய லீவர் என்றால் எங்களிடம் ஒரு தரம் காட்டுங்கள்.

கிளச் லீவர் வேறு கதை. நுனிக் குண்டு மட்டும் முறிந்திருந்தால் கூர் போக அரம் போட்டுத் தருவோம், கொஞ்ச நாள் ஓடலாம். ஆனால் அந்தக் குண்டு அழகுக்கு இல்லை, விழும்போது லீவர் கையிலோ தொடையிலோ குத்தாமல் இருக்கத்தான், ஆகவே கையில் காசு வந்ததும் மாற்றுங்கள். ஸ்கூட்டர்காரர்கள் கவனிக்க: உங்களுக்கு இடது பக்கமும் பிரேக்தான், இரண்டையும் நிமிர்த்த மாட்டோம்.

மாற்றும்போது பழைய லீவரைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். ஒரே பெயர் பைக்கில் டிரம் பிரேக்கும் உண்டு, டிஸ்க் பிரேக்கும் உண்டு, இரண்டுக்கும் லீவர் ஒரே மாதிரி இல்லை. டிஸ்க் லீவரின் மூக்குதான் மாஸ்டர் சிலிண்டரின், அதாவது பிரேக் ஒயிலை அழுத்தி அனுப்பும் குழலின், பிஸ்டனைத் தள்ளுகிறது. மலிவு லீவரில் அந்த மூக்கு கொஞ்சம் நீண்டிருந்தால், கையை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஒயில் கிண்ணத்துக்குத் திரும்பிப் போகிற சிறிய துளை அடைபட்டே நிற்கும். கினிகத்தேனை இறக்கம் மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும், ஒயில் விரியும், போக வழி இல்லாமல் சில்லைத் தானாகவே பிடிக்கும். முன் சில்லு! அதனால்தான் பூட்டியதும் முன் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறோம், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் சுற்றிப் பார்க்கிறோம். அந்த நேரத்துக்குப் பொறுமையாக இருங்கள். பிரேக் லைட் எரிகிறதா என்றும் அப்போதே பார்ப்போம். கிளச் நுனியில் பெரும்பாலான பைக்குகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு வேண்டும், அது இல்லாமல் இறுக்கிக் கேட்காதீர்கள், ஏற்றத்தில் கிளச் வழுக்கும்.

இன்னொரு விஷயம். எங்களிடம் வரும் லீவர்களில் நிறைய, நிறுத்தி வைத்த பைக் சாய்ந்து முறிந்தவை. மழைக்காலத்தில் தோட்டத்து லய வீடுகளின் முற்றத்து மண்ணில் ஸ்டாண்ட் மெதுவாக இறங்கி, விடிகிற நேரம் பைக் வடிகானுக்குள் கிடக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள், சரிவில் முகத்தை ஏற்றத்துப் பக்கம் வைத்து முதல் கியரில் போட்டு விடுங்கள். லீவரைப் பிடித்திருக்கும் கவ்வியை உயிர் போக முறுக்காதீர்கள், விழுந்தால் அது சுழன்று கொடுக்கும், லீவர் தப்பும்.

லீவருக்குத்தான் காசு, பிரேக் லீவர் பூட்டுகிற கூலியை இனி வாங்க மாட்டோம். மொத்தமாகத் தர முடியாதவர்கள் சம்பளத்துக்குத் தாருங்கள், அதற்காக வெடித்த லீவரோடு ஓட வேண்டாம்.

போன வாரம் வந்த தம்பிக்கு: உங்கள் பைக்குக்கான லீவர் வந்திருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன். பெரட்டுக்கு முந்தி வந்தாலும் பூட்டித் தருகிறேன், கதவைத் தட்டுங்கள்.