ராத்திரியிலும் நிலம் தெரியட்டும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ நியூசிலாந்திலிருந்து அனுப்பிய டெக்காப்போ ஏரிப் படத்தை டிவியில் பெரிதாகப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். வானம் பிரமாதமாக வந்திருக்கிறது. நட்சத்திரங்கள் இழுபடாமல் புள்ளி புள்ளியாக நிற்கின்றன, ஃபோகஸ் கச்சிதம். ஆனால் அந்த ஏரியும் மலையும் எங்கே? படத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அப்பா எடுத்த இரவுப் படங்களை நான்தான் டார்க்ரூமில் பிரிண்ட் போடுவேன் என்பது உனக்குத் தெரியும். பாறையின் மடிப்பும் மரத்தின் அடிப்பக்கமும் தாளில் லேசாகத் தட்டுப்படும் வரை விடமாட்டேன். இருட்டுக்குள் எப்போதும் ஏதோ இருக்கும், வெறும் கறுப்பில் ஒன்றுமே இருக்காது. பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் கால் ஊன்றி நிற்கிற உணர்வு வர வேண்டும். நிலக்காட்சி எடுக்கப் போய்விட்டு நிலத்தையே விட்டுவிட்டால் எப்படி, கண்ணு?

ஃபிலிம் காலத்தில் அது லேசான காரியம் இல்லை. வெளிச்சம் குறையக் குறைய ஃபிலிம் சோம்பிப்போகும். கோடாக் கொடுத்த அட்டவணைப்படி, ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஒளிமீட்டர் 10 வினாடி காட்டினால் 50 வினாடி திறந்து வைக்க வேண்டும். 100 வினாடி காட்டினால் 1200 வினாடி, அதாவது முழுசாக 20 நிமிடம். அதற்குள் வானம் 5 டிகிரி நகர்ந்துவிடும். அதனால்தான் அப்பாவின் படங்களில் நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாக இருக்கின்றன. உன் கேமராவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. நிலத்துக்கென்று தனியாக 4, 5 நிமிடம் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், நிலாவைப் பார்த்துப் பயப்படாதே. அமாவாசைக்குத்தான் கிளம்புவேன் என்கிறாய். பால்வீதிக்கு அது சரி, நிலத்துக்குச் சரிப்படாது. பௌர்ணமியும் வேண்டாம். வானம் வெளுத்து, நட்சத்திரங்கள் அமுங்கி, நீண்ட எக்ஸ்போஷரில் பட்டப்பகல் மாதிரி ஆகிவிடும். அரை நிலாவுக்குப் பௌர்ணமியில் பாதி வெளிச்சம் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பத்தில் ஒரு பங்குதான். வளர்பிறைச் சதுர்த்தி, பஞ்சமிக்கு அதிலும் குறைவு. அந்த நிலா மேற்கே தாழ்ந்து வரும்போது வெளிச்சம் சாய்வாக விழும், புல்லுக்கும் கல்லுக்கும் நிழல் பிறக்கும். நிலா உனக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். டார்ச் அடித்துப் பாறையை வெளுப்பாக்குகிறார்களே, அதுவும் இதே கதைதான். அது உனக்கு வேண்டாம்.

நிலா இருக்கும்போது நிலத்துக்கு ஒரு படம் எடு. ட்ரைபாடைத் தொடாமல் காத்திரு. நிலா மறைந்ததும் வானத்துக்கு ஒன்று எடு. இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரே இடம், ஒரே ராத்திரிதானே. வேறு எங்கோ எடுத்த வானத்தை வெட்டி ஒட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்த ஏரிக்கரையில் நின்ற உனக்கு அந்த வானம் தெரியவில்லையே.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்பதற்கு, 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுக்கிற கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் 20 மி.மீ. லென்ஸுக்கு அது 25 வினாடி தரும். இன்றைய சென்சாருக்கு அது அதிகம். 12, 15 வினாடியில் நிறுத்திக்கொள். தெற்குத் துருவத்தைப் பார்த்து எடுக்கும்போது அங்கே நட்சத்திரங்கள் மெல்ல நகரும், கொஞ்சம் கூட்டலாம்.

இங்கே நம் மொட்டை மாடியில் கேட்டை நட்சத்திரம் தெரிந்தாலே எனக்குச் சந்தோஷம். முன்பு தெருவில் இருந்த சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சளிலேயே அடங்கியிருந்தது, ஃபில்டர் போட்டு ஓரளவு நீக்க முடிந்தது. வெள்ளை எல்.இ.டி.யில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. அதிலும் நீலம் காற்றில் அதிகம் சிதறும். ஊருக்கு மேற்கே சாவனதுர்கா மலை வரை போனாலும் ஊர் இருக்கிற கிழக்குத் திசை வெளுத்தே கிடக்கிறது. எனக்கு மனம் நிறைகிற மாதிரி வானம் வேண்டும் என்றால் ஆலங்காயத்துக்குப் போய், ஜவ்வாது மலை ஏறி, மாமாவின் கொல்லைப் பாறையில்தான் நிற்க வேண்டும். அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-இலிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் விடியற்காலை 4 மணிக்கு மேல் பால்வீதியின் மையம், மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில், தெற்கே 48 டிகிரி உயரத்தில் நிற்கும். மலையும் அதுவும் ஒரே ஃப்ரேமில் அடங்கும்.

உன் ஊரில் அது 75 டிகிரி வரை ஏறிவிடுகிறது. ஜூலையில் உச்சந்தலைக்குக் கிட்டே இருப்பதை எடுக்க நீ கேமராவை மேலே தூக்க, நிலம் ஃப்ரேமை விட்டுப் போகிறது. பாதித் தொல்லை அங்கேதான் என்று நினைக்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பார். இருட்டியதும் மையம் மேற்கே இறங்கிவரும், பால்வீதி மலைமேல் நட்டு வைத்தது போல் நிமிர்ந்து நிற்கும். வளர்பிறை நிலாவும் அதே பக்கம்தான் இறங்கும், அதனால் எந்த மேட்டில் நிற்பது என்று பகலிலேயே நடந்து பார்த்துவிடு.

பேட்டரியை உள்பாக்கெட்டில் வை, குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். லென்ஸில் பனி படியாமல் ஹீட்டர் பட்டை சுற்று. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், சிவப்பு விளக்கைத் தவிர எதையும் போடாதே, போனையும் சேர்த்துத்தான். தனியாகப் போகாதே. நண்பர் யாரையாவது கூட்டிக்கொள், வீடு திரும்பியதும் எந்நேரமானாலும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு.

அடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அது இருட்டுப் பகுதியைத்தான் முதலில் கெடுக்கிறது. முழு ஃபைலை மெயிலில் அனுப்பு. நான் இங்கே 12-க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, எங்கெங்கே வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா