கீசரின் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, வயது 67. மார்கழி, தை மாதங்களில் இங்கே வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவ முடியாது. மாமியார் காலத்தில் பின்கட்டில் செப்பு பாய்லர் இருந்தது. சில்வர் ஓக் சுள்ளியைச் செருகிப் பற்றவைப்போம். இப்போது குளியலறையில் 25 லிட்டர் கீசர்.

என் மகன் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறான். வீட்டையே சூடாக்கும் தன் பாய்லருக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டியதிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. "உனக்கும் போட்டுடலாம்மா, கரண்ட் மிச்சம்" என்று சேலத்தில் ஒரு கடையில் சொல்லி ஆளையும் அனுப்பிவிட்டான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தம்பி, ஒரு காபி குடித்துவிட்டு கீசரின் அடி மூடியைத் திறந்தார். தெர்மோஸ்டாட்டை உருவி என் கையில் கொடுத்தார். வயரை டைரக்டாகச் சேர்த்து, வெளியே போன் ஆப்பில் இயங்கும் ஒரு ஸ்மார்ட் ஸ்விட்சை வைத்தார். "இனிமே ஆப்பே பார்த்துக்கும்மா" என்றார். நானும் சரி என்றேன். இத்தனை வருடம் வகுப்பில் வெப்பம் நடத்தியவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, அது என் தப்புதான்.

காலை 5 மணிக்குப் போட்டு 5.30க்கு அணைக்கும்படி மகன் நேரம் வைத்திருந்தான். ஜனவரியில் ஒரு நாள் 5.15க்குக் கரண்ட் போனது. மலையில் காற்றடித்தால் கிளை முறிந்து லைனில் விழுவது வழக்கம்தானே. 5.40க்குத் திரும்பி வந்தது. ஸ்விட்ச், போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே ஆன் ஆகிவிட்டது. அணைக்க வேண்டிய நேரமோ தாண்டிவிட்டது. இணையமும் வரவில்லை. மகன் பார்த்திருந்தாலும் 'ஆஃப்லைன்' என்றுதான் தெரிந்திருக்கும். அங்கே அப்போது நள்ளிரவு. ஏழு மணிக்கு நான் கம்பளியை விட்டு எழுந்தபோது குளியலறை முழுக்க ஆவி. தொட்டியில் அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்விலிருந்து கொதிநீர் சீறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அந்த வால்வும் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மகன் வீட்டில் தெர்மோஸ்டாட் சுவரில் இருக்கிறது. அறையின் குளிரைப் பார்த்து பாய்லருக்கு 'எரி', 'நிறுத்து' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. தண்ணீர் மிஞ்சிக் கொதிக்காமல் பார்க்கும் கருவிகள் பாய்லருக்குள்ளேயே தனியாக இருக்கின்றன. நம் கீசரில் தெர்மோஸ்டாட் தொட்டிக்குள் நின்று தண்ணீரின் சூட்டை அளந்து, ஹீட்டருக்குப் போகும் கரண்டைத் தானே துண்டிக்கிறது. எங்கள் கீசரில், சூடு மீறினால் நிறுத்தும் கட்-அவுட்டும் அதே தண்டில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றாகப் போயின. பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

மிச்சம் என்றார்களே, அதையும் கணக்குப் போட்டேன். 18 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 1.2 யூனிட் ஆகும். 60 நாளுக்கு ஏறக்குறைய 73 யூனிட். அந்த இரண்டு மாதத்துக்கு அரசு தந்த 100 இலவச யூனிட்டில் முக்கால்வாசி இதற்கே சரியாகிவிட்டது. கையால் போட்டாலும் ஆப்பில் போட்டாலும் தண்ணீருக்கு அதே சூடுதான் வேண்டும். நாள் முழுக்க ஆன் செய்து வைப்பவர்களுக்குத்தான் மிச்சம்; நான் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய தெர்மோஸ்டாட்டை உள்ளூர் எலக்ட்ரீஷியன் திரும்ப மாட்டிக் கொடுத்தார். ஸ்மார்ட் ஸ்விட்ச் வெளியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கரண்ட் திரும்பினால் 'ஆஃப்' நிலையிலேயே நிற்கும்படி ஆப்பில் ஓர் அமைப்பு இருக்கிறது, மகன் அதை மாற்றிவிட்டான். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால் ஸ்விட்ச் 16 ஆம்பியர்தானா என்றும் இந்தமுறை பார்த்துக்கொண்டேன்.

ஸ்மார்ட் ஸ்விட்ச் விற்கும் கடைக்காரர்கள், 'கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது' என்று பெட்டியின் மேல் தமிழில் ஒரு வரி ஒட்டிக் கொடுக்க வேண்டும். மாட்ட வருகிற தம்பிகளுக்கும் அதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏற்காடு