20லிருந்து 18க்கு இறங்கு மச்சான்

ஹட்டன்
ஒக்டோபர், ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதமும் புது வீட்டுப் படங்களும் கிடைத்தன. போன கிழமை தலவாக்கலைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு நன்றாக இருக்கிறார். ஊசியில் நூல் கோத்துக் காட்டி, "இதை அவனுக்கு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இங்கே மழை விடவில்லை. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பாதை ஒரு பக்கமாகத்தான் ஓடும், கொழும்பிலிருந்து என் டயர்க் கடைக்கு வரவேண்டிய சாமானும் பிந்திப் பிந்தித்தான் வருகிறது. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரவு பதினொரு மணிக்கும் அவள் அறையில் வெளிச்சம் எரிகிறது.

சரி, உன் டொயோட்டா ஹைலாண்டருக்குக் குளிர்காலத்தில் என்ன டயர், என்ன அளவு வீல் போடுவது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் ஸ்காபரோவில் இருந்தவரை, வருஷம் முழுக்க ஓடும் ஓல் சீசன் டயரிலேயே சமாளித்துவிட்டாய். இப்போது வடக்கே பாரி (Barrie) நகரில் குடியேறியிருக்கிறாய். ஜோர்ஜியன் விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று அங்கே ஸ்னோவாகக் கொட்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைவிட எனக்கு மனதில் நின்றது அடுத்த வரி. தங்கச்சி முதியோர் இல்லத்துக் காலை வேலைக்கு, வீதியில் ஸ்னோ வழிக்கும் வண்டி வருவதற்கு முன்பே ஹைலாண்டரை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் தள்ளிப்போடாமல் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். வண்டியோடு வந்த 20 இஞ்சி வீல்களைக் குளிர்காலத்துக்குக் கழற்றி வை. 18 இஞ்சி ரிம் நான்கு வாங்கி, நல்ல விண்டர் டயர் நான்கை அதில் ஏற்று. ரிம் சிறிதானதால் மிச்சமாகும் காசு முழுவதையும் ரப்பரில் போடு. உன்னையும் பிள்ளைகளையும் வீதியில் பிடித்து வைத்திருப்பது ரப்பர்தான், அலோயின் மினுமினுப்பு இல்லை.

ஸ்னோவையே காணாதவன் எப்படிச் சொல்கிறான் என்று யாராவது உன்னிடம் கேட்கக்கூடும். விண்டர் டயர் என் கைக்கு வந்திருக்கிறது மச்சான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள் அல்லவா? ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டிகள் மறுபடி கடை வாசலுக்கு வருகின்றன. முன்பும் வந்தன, இப்போதும் வருகின்றன, அதில் சில வண்டிகள் அங்கே குளிர்காலத்தில் ஓடிய டயரோடேயே கப்பலேறி வந்துவிடும். டயரின் பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருக்கும், ஆணி பதிக்காத ஸ்னோ டயர் என்று அர்த்தம். தரையில் படும் முகத்தை நகத்தால் அழுத்தினால் நகம் உள்ளே போகும். ஒவ்வொரு ரப்பர் கட்டியிலும் பிளேடால் கீறினாற்போல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடும். ஐஸ் மேலே பெரும்பாலும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அந்தத் தண்ணீரை உறிஞ்சி ஒதுக்கிவிட்டு ரப்பரின் விளிம்பு ஐஸைக் கவ்வுவதற்காகத்தான் இத்தனை வெட்டு. ஸ்னோவில் வேலை வேறு மாதிரி. அகன்ற பள்ளங்களுக்குள் ஸ்னோ அடைந்து கெட்டியாகும். ஸ்னோவோடு ஸ்னோ நன்றாகப் பிடிக்கும் என்பதால் அதுவே பிடிமானமாகிவிடும்.

அந்த டயரோடு இங்கே ஓடும் வண்டிக்காரர்களிடம் உடனே மாற்றச் சொல்லிவிடுவேன். அவிசாவளைக்குக் கீழே இறங்கினால் வெயிலில் அந்த மென்மையான ரப்பர் கண்ணுக்கு முன்னாலேயே தேய்கிறது. பிரேக் பிடித்தால் கட்டிகள் நெளிகின்றன, வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கிறது. உனக்கும் இதே கதைதான், மறுபக்கமாக. ஏப்ரல் நடுவில் சூடு திரும்பியதும் விண்டர் டயரைக் கழற்றிவிடு. "இன்னும் தடிப்பாகத்தானே இருக்கிறது" என்று கோடையிலும் ஓட்டாதே.

ஓல் சீசன் ஏன் போதாது என்று கேட்டிருந்தாய். ஜனவரியில் நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் இறுகி நிற்குமே, சாதாரண டயர் ரப்பரும் குளிர் ஏற ஏற அந்தப் பக்கமாகத்தான் போகும். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுக்கம் தெரியத் தொடங்கும் என்று டயர்க்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள். இறுகிய ரப்பர் வீதியின் நுண்ணிய மேடு பள்ளத்துக்குள் பதியாது, மேலாகச் சறுக்கும். விண்டர் டயருக்குச் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்துக் கலவை போடுகிறார்கள், கழித்தல் 20 பாகையிலும் மென்மை கெடாமல் இருக்க. இயற்கை ரப்பர் என்றதும் உன் பெரியமாமா நினைவுக்கு வந்தார். களுத்துறைப் பக்கத் தோட்டத்தில் விடியக்காலையில் பால் வெட்டியவர். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளைக் கம்பகா ஹெனரத்கொடையில் நட்டுத்தான் இந்த நாட்டில் ரப்பர் தொடங்கியது. அந்த மரத்துப் பாலை வெட்டி வாளி வாளியாகச் சுமந்த நம் ஆட்களின் பிள்ளைகள் இன்றைக்குக் கனடாவில் ஐஸ் வீதியில் அதே ரப்பரை நம்பி வண்டி ஓட்டுகிறார்கள். எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை.

இனி அளவு. "சின்ன வீல் போட்டால் வண்டி தாழ்ந்து போகாதா, ஸ்பீடோமீட்டர் பிழையாகக் காட்டாதா" என்று கேட்டிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். உன் வண்டியில் இருப்பது 235/55R20. ரிம்மும் டயரும் சேர்ந்து குறுக்களவு ஏறக்குறைய 766 மில்லிமீட்டர். அதே ஹைலாண்டரின் குறைந்த விலை ரகத்துக்கு டொயோட்டாவே 235/65R18 போட்டு விற்கிறது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 763. வித்தியாசம் நூற்றுக்கு அரை வீதம் மட்டும். முள் 100 காட்டும்போது அரைக் கிலோமீட்டர் மாறும், அவ்வளவுதான். வண்டி தாழ்வது இரண்டு மில்லிமீட்டர். வெளிச்சுற்று அப்படியே இருக்கிறது, உள்ளே இரும்பு குறைந்து ரப்பர் கூடியிருக்கிறது. டயரின் பக்கச் சுவர் 129 மில்லிமீட்டரிலிருந்து 153க்கு உயர்கிறது. கிட்டத்தட்ட ஓர் இஞ்சி கூடுதல் மெத்தை.

அந்த ஓர் இஞ்சியின் பெறுமதி இந்த மலைநாட்டுப் பாதையில் ஓடுகிறவனுக்குத்தான் தெரியும். கொழும்பிலிருந்து பெரிய ரிம், மெல்லிய டயர் போட்ட ஜீப்புகள் இறம்பொடை வளைவுகளில் ஏறி வருகின்றன. தோட்டப் பாதைக்குள் திரும்பி ஒரு கருங்கல் விளிம்பில் இடித்தால் போதும். நசுங்குவதற்கு ரப்பர் இல்லை, அடி நேரே ரிம்முக்குப் போகிறது. ரிம் நெளியும், அல்லது டயரின் உள்நூல் அறுந்து பக்கச் சுவர் வீங்கும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான். பாரியில் மார்ச்சில் ஐஸ் உருகி உறைந்து, உருகி உறைந்து தாரைப் பிளந்து குழி விழும் என்று எழுதியிருந்தாயே, அந்தக் குழிகளும் இதே வேலையைத்தான் செய்யும். போதாததற்கு வீதியில் கொட்டும் உப்பு. நல்ல 20 இஞ்சி அலோய் ஏன் அந்த உப்பில் ஊற வேண்டும்? குளிர்காலத்துக்கு இரும்பு ரிம்மோ, பூச்சு நல்லதாக உள்ள சாதாரண அலோயோ போதும். அழகு பார்க்காதே.

ரிம் சிறிதாவதால் மட்டும் பிடிமானம் கூடிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிடிமானம் ரப்பரிலும் வெட்டுகளிலும் இருந்து வருகிறது. 18க்கு இறங்குவதால் கிடைப்பது மலிவான டயர், கூடுதலான தெரிவு, குழியில் தாங்கும் சுவர், இவைதான். ஆனால் அகலத்தை மட்டும் கூட்டாதே. "அகலமான டயர் ஸ்னோவில் நன்றாகப் பிடிக்கும்" என்று உன் கூட்டாளி சொன்னது ஆழமான ஸ்னோவுக்குப் பொருந்தாது. அகன்ற டயர் அதன் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயர் பாரத்தை ஒரு கோட்டில் அழுத்தி, வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். 235ஐத் தாண்டாதே. 17 இஞ்சிக்கும் போகாதே, உன் மாடலுக்குக் கம்பனியே கொடுக்காத அளவு அது. வீலுக்குள்ளே இருக்கும் பிரேக் கலிப்பர் அந்தச் சின்ன ரிம்மில் உரசுமா என்று உன் வண்டியை வைத்துச் சோதனை செய்யும் வேலை உனக்கு வேண்டாம்.

அடுத்தது நீ எழுதிய ஒரு வரி, "நாலு வீலும் இழுக்கும் வண்டிதானே." மச்சான், இதில் தயவுசெய்து நான் சொல்வதைக் கேள். மழையில் பாசி பிடித்த தோட்டப் பாதையில் போர் வீல் ஜீப் ஏறுவதை நாம் இரண்டு பேரும் பார்த்து வளர்ந்தவர்கள். ஏறும், சந்தேகமில்லை. அதே பாதையில் இறங்கும்போது டயர் மொட்டையாக இருந்தால் போர் வீல் என்ன செய்யும்? எஞ்சின் நான்கு வீலையும் இழுப்பது புறப்படுவதற்கும் ஏறுவதற்கும். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு வீலுக்கும்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் உன் பெரிய வண்டி சின்னக் காரைவிட ஒரு படியும் மேலே இல்லை, பாரம் கூடியதால் நிறுத்துவதற்குக் கஷ்டம்தான் கூட. நான்கு வீல் இழுவை சறுக்கல் வருவதையும் மறைத்துவிடும். சுலபமாகப் புறப்பட்டுவிட்டதால் வீதி நன்றாக இருக்கிறது என்று நினைத்து வேகம் எடுப்பார்கள். நெடுஞ்சாலை 400இல் தெற்கே இறங்கும்போது இதைத் தங்கச்சிக்கும் சொல்லிவை. இரண்டு டயர் மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கவும் நினைக்காதே. முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் கழன்று சுழலும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேரே போகும். நான்கும் ஒரே ரகம், ஒரே வயது.

வாங்கும்போது பக்கத்தில் உள்ள அடையாளத்தைப் பார். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு ஸ்னோ பூ. அது இருந்தால் ஸ்னோவில் ஓட்டிச் சோதித்த டயர். 'எம், எஸ்' (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பள்ளங்களின் வடிவத்தைப் பற்றிய பேச்சு, உன் இப்போதைய டயரிலும் அது இருக்கும். பாரக் குறியீட்டையும் பார். உன் 20இல் 102 என்று இருக்கும், ஒரு டயர் 850 கிலோ தாங்கும். 18இல் 106 எடு, 950 கிலோ. அதற்குக் கீழே எதையாவது தள்ளிவிடப் பார்த்தால் எழுந்து வந்துவிடு. டயர் செய்த தேதியும் நான்கு இலக்கத்தில் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் ஆண்டின் எத்தனையாவது கிழமை என்பதைச் சொல்லும், அடுத்த இரண்டு ஆண்டைச் சொல்லும். ஆணி பதித்த டயரைப் பற்றி யோசிக்க வேண்டாம், தென் ஒன்ராறியோவில் அதற்கு அனுமதி இல்லை. அப்புறம் காப்புறுதிக்காரர்களிடம் கேள். 2016 ஜனவரியிலிருந்து விண்டர் டயர் போட்டவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் விதி. கேட்காவிட்டால் தாமாகக் கழிக்காதவர்களும் இருக்கலாம்.

ரிம் வாங்கும்போது ஐந்து நட், 114.3 மில்லிமீட்டர் வட்டம் என்பது மட்டும் போதாது. நடு ஓட்டை ஹப்பில், அதாவது வீல் பொருந்தும் அச்சு முனையில், சரியாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்பச் சொல். இல்லாவிட்டால் 90இல் ஸ்டியரிங் நடுங்கும், வீல் பாலன்ஸ் எத்தனை தரம் செய்தாலும் போகாது. பூட்டி ஓடிய முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். என் கடையில் யாருக்குப் பூட்டினாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன், பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. நீ அப்படி இராதே.

காற்று. வெப்பம் ஐந்தாறு பாகை இறங்கும்போது டயரில் ஒரு பிஎஸ்ஐ அளவு குறையும். இப்போது 15 பாகையில் அடித்த காற்று ஜனவரியில் கழித்தல் 20க்கு வரும்போது ஆறு பிஎஸ்ஐ போயிருக்கும், டயர் ஓட்டையே இல்லாமல். வண்டிக் கையேட்டில் 18 இஞ்சிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, மாதம் ஒரு தரம் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்து அடி. "ஸ்னோவுக்குக் காற்றைக் குறைத்தால் நல்லது" என்பார்கள். மணலுக்கு அது சரி, உன் வீதிக்கு இல்லை.

முதல் ஸ்னோ விழுந்த அன்றைக்கு டயர்க் கடையில் வரிசை வீதி வரைக்கும் நிற்கும் என்றாய். அப்படியானால் இந்தக் கிழமையே நாள் பதிந்துவிடு. காசு கட்டுவதற்கு முன் டயரின் பக்கத்தைக் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு. அளவு, பாரக் குறியீடு, மலை அடையாளம், தேதி நான்கும் தெரிய வேண்டும். இங்கே நள்ளிரவாக இருந்தாலும் பார்த்துப் பதில் போடுகிறேன். மகளும் விழித்துத்தான் இருப்பாள். தங்கச்சிக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல். அம்மாவிடம் அடுத்த கிழமை போகும்போது உன் புது வீட்டுப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி